நாய் விற்ற காசு குரைக்குமா?

"நாய் வித்த காசு குரைக்குமா, மீன் வித்த காசு நாறுமா?" என்று ஒரு பழமொழி உண்டு. எந்தத் தொழிலில் வந்தாலும் பணம் பணம்தான், கூச்சப்படாதே என்று தேற்றுவதற்குச் சொல்வார்கள். கொஞ்சம் உற்றுக் கேட்டால் அதில் இரண்டு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஒன்று, நாய் விற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இரண்டு, அது கூச்சப்பட வேண்டிய வேலையாகவும் இருந்திருக்கிறது. இல்லையென்றால் எதற்குத் தேற்ற வேண்டும்?

அந்தக் கூச்சம் இப்போது போயே போச்சு. வடபழனி மாதிரி ஒரு பேட்டையில் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நின்று பாருங்கள். லாப்ரடார், ஷிட்சூ, பக், கோல்டன் ரெட்ரீவர் என்று வரிசையாக வரும். நடுவில் ஒரு ஹஸ்கி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. ஃபோனில் படம் பார்த்து, ஜிபே பண்ணினால் சாயங்காலம் கூடையில் குட்டி வந்துவிடும். கூடையில் வராதது ஒன்றே ஒன்றுதான்: தாய். அது எங்கே இருக்கிறது, எத்தனையாவது ஈத்து, என்ன சாப்பிடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

குட்டி எப்போது தாயிடமிருந்து பிரிந்து தனிச் சரக்கானது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல். அவன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. சங்கப் பாட்டில் ஞமலி, ஞாளி என்றெல்லாம் நாய்க்குப் பெயர் உண்டு, ஆனால் அவை பொதுப்பெயர்கள். இங்கே ஒரு தனி நாய், தனக்கென்று ஒரு பெயரோடு, கல்லில் நிற்கிறது. அது என்ன ஜாதி, எந்த நிறம் என்று கல் சொல்லவில்லை. அது என்ன செய்தது என்று சொல்கிறது.

நாயை அதன் வேலையால் அடையாளம் கண்ட காலம் அது. அந்த வழக்கம் தென் மாவட்டங்களில் ரொம்ப நாள் நீடித்தது. கரிசல் காட்டில் முயல் விரட்டச் சிப்பிப்பாறையும் கன்னியும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காவலுக்குக் கோம்பை. ராஜபாளையத்தில் வெள்ளைவெளேரென்று ராஜபாளையம். இந்தப் பெயர்களில் மூன்று ஊர்ப்பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். நான்காவதான கன்னிக்கு ஒரு கதை சொல்வார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராக இந்த நாயைக் கொடுத்து அனுப்பினார்களாம், அதனால் கன்னியாம். கதை மெய்யோ பொய்யோ, அதன் உள்ளே ஒரு நிஜம் இருக்கிறது. இந்தக் குட்டிகள் பெரும்பாலும் விற்கப்படவில்லை, கொடுக்கப்பட்டன. மாமன் மச்சானுக்கு, பக்கத்து ஊர் நண்பனுக்கு, "நல்லா வச்சுக்குவியா?" என்று கேட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவனுக்கு அந்தக் குட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும். திருவிழாவுக்குப் போனால் பார்த்துவிட்டு வருவான். நாய் எலும்பும் தோலுமாகக் கிடந்தால் நாலு பேர் முன்னால் கேட்பான்.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. நாய் வைத்திருந்ததும் கொடுத்ததும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள்தான். அந்தக் கொடுக்கல் வாங்கலும் ஜாதிக்கும் சொந்தத்துக்கும் உள்ளேதான் நடந்தது. குட்டிகளில் எது வாழ வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அதன் விலையை ராஜபாளையம் நாய் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

*

ராஜபாளையம் என்றால் வெள்ளை. தூய வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. ஆனால் அந்த இனத்தில் கறுப்புக் குட்டியும் பிறக்கும், பழுப்புக் குட்டியும் பிறக்கும். வெள்ளைக்கே மவுசு என்பதால் மற்றவை ஒதுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே வகை நிறமிச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை உணரும் பகுதி பிறந்த சில வாரங்களிலேயே செயலிழந்துவிடும். டால்மேஷன் நாய்களில் செவிட்டுத்தன்மை அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. நாட்டு நாய்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் இந்த இனங்களின் நிலைமையைத் திரும்பத் திரும்ப நினைவூட்டி வந்திருக்கிறார்கள். காவலுக்குப் பெயர்போன நாய்க்குக் கதவு தட்டும் சத்தம் கேட்கவில்லை என்றால், நாம் காப்பாற்றியது நாயையா, நிறத்தையா?

இந்த நிற மோகத்தை இங்கிலாந்துக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆனால் அதற்குச் சட்டப் புத்தகம் எழுதியவன் அவன்தான். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். அதுவரை 'வேட்டை நாய்', 'மந்தை நாய்' என்று வேலையால் பிரித்த ஜனங்கள், அதன்பிறகு காது இத்தனை நீளம், முதுகு இப்படி, வால் அப்படி என்று அளவால் பிரிக்க ஆரம்பித்தார்கள். வம்சாவளிப் பதிவேடு வந்தது, நாய்க் கண்காட்சி வந்தது, கோப்பை வந்தது. பதிவேட்டுக்கு வெளியே இருந்து புது ரத்தம் வருவது நின்றது. அந்த வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. இன்றைக்குக் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இருப்பது நம் சென்னையில்தான். "பேப்பர் இருக்கா, பேப்பர் இல்லையா?" என்று குட்டி விற்பவர் கேட்கும் கேள்வி அங்கே இருந்து வருகிறது. அந்தப் பேப்பர் குட்டியின் தாத்தா யார் என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சொல்லாது.

அதே காலத்தில் மதராஸ் தெருவில் நடந்தது வேறு. 1860இல் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது ப்ளூ கிராஸ் தரும் கணக்கு. அவ்வளவு கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1959இல் இந்நகரில் தொடங்கிய ப்ளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று 1960களிலிருந்து கேட்டு வந்தது. 1996இல்தான் சென்னை மாநகராட்சி அந்தப் பாதைக்குத் திரும்பியது. 2001இல் அது இந்தியா முழுவதற்குமான விதியானது.

ஆக ஒரே நகரத்தில், ஒரு பக்கம் நாய் அதிகமாகிவிட்டது என்று கொன்றார்கள். இன்னொரு பக்கம் நாய் போதவில்லை என்று பெருக்கினார்கள்.

*

வடபழனியிலிருந்து அசோக் நகர் தாண்டி கொஞ்ச தூரம் போனால் சைதாப்பேட்டை. கால்நடைக்கும் அந்த இடத்துக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வேளாண் பண்ணையும் வேளாண் பள்ளியும் அங்கே இருந்தன. 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசின் கால்நடைத் துறை அங்கே ஒரு நாய் இனப்பெருக்க மையத்தைத் தொடங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைப் பெருக்கி மக்களுக்கு விற்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் வேலையிழந்தன. வேலை இல்லாத நாயை எத்தனை நாள் கிராமம் சோறு போட்டு வைத்திருக்கும்? அரசாவது வைத்துக் காப்பாற்றட்டும் என்பது நியாயமான எண்ணம்.

ஆனால் கரிசல் காட்டில் மைல் கணக்கில் ஓடுவதற்கென்றே உருவான உடம்பு அது. நகரத்து மையத்தில் கூண்டுக்குள் அது எப்படி இருக்கும்? மையத்தின் நிலைமை சரியில்லை என்று விலங்கு நல அமைப்பினர் குற்றம்சாட்டினார்கள். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அடுத்த மாதங்களில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். "காளைக்கு அடுத்து நாயா? நாட்டு இனத்தையே அழிக்கப் பாக்குறாங்க" என்று பேச்சு கிளம்பியது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. 2005இல் தபால்தலையில் ராஜபாளையத்தை அச்சிட்ட நாடு, அதைக் காக்க ஒரு கொட்டகையைக்கூட ஒழுங்காக நடத்தவில்லையே என்ற ஆதங்கம். ஆனால் விலங்கு நலக்காரர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது: இனம் முக்கியம் என்பதற்காக ஒரு தனி நாய் கஷ்டப்படலாமா? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் என்று சொல்ல ஆள் இல்லை. மோசமாக வைத்திருக்கும் தாயிடம் நல்ல இனம் பிழைக்காது.

*

அரசுக் கொட்டகையின் கதை இப்படிப் போக, சந்தையின் கதையை மாற்றியது ஒரு விளம்பரம். 2003இல் ஹட்ச் செல்ஃபோன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையனும், அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடும் ஒரு பக் நாயும் வந்தார்கள். அதுவரை இங்கே பலருக்குப் பெயர்கூடத் தெரியாத நாய். ஊரெல்லாம் "அந்த ஹட்ச் நாய் கிடைக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுவதும் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பக்குக்கு மூக்கே கிட்டத்தட்ட இல்லை. சென்னையின் மே மாத மத்தியானத்தில் அந்த உடம்பு படும் பாட்டை யோசியுங்கள். அது 'செல்லமாகக் குறட்டை விடுகிறது' என்று நாம் வீடியோ எடுப்பது பல நேரம் மூச்சுத் திணறல். 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்த வெயிலுக்குப் பொருந்தாத இனங்களின் பட்டியலில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றைச் சேர்த்தபோது பெரிய சர்ச்சையே கிளம்பியது. அரசு கேட்டதற்கு முன்னால் நம் ஏப்ரல் மாதம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

தேவை ஏறியதும் குட்டி உற்பத்தியும் ஏறியது. வீட்டு மாடி, கார் ஷெட், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. 63 நாள் சினை. வருஷத்துக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு வரும், இரண்டு முறையும் சேர்ப்பார்கள். பெற்றுப் பெற்று ஓய்ந்த பெட்டையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார்கள். மடி தொங்கிப்போய், முடி கொட்டி, வெளிச்சத்துக்கே மிரளும் 'ஜாதி நாய்' தெருவில் நின்றால், அதன் குட்டிகள் எங்கேயோ ஏசி ரூமில் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதன் எண்களைப் படித்தால் சட்டம் மாதிரி இருக்காது, ஒரு தாயின் வாழ்க்கைக் குறிப்பு மாதிரி இருக்கும். 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துதான். வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

கடைசியில் சொன்னதைப் பலரும் அற்ப விஷயமாக நினைக்கிறார்கள். "சின்னதா இருக்கும்போதே வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும் சார்" என்று விற்பவர் சொல்வார். 30, 35 நாளில் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், அதற்கு மேல் வைத்திருந்தால் தீனிச் செலவு, ஊசிச் செலவு. கணக்கு அதுதான். ஆனால் அந்த மூன்று, நான்கு வாரங்களில்தான் குட்டி தன் கூடப்பிறந்தவைகளோடு விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965இல் எழுதிய புத்தகம், மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையான காலம் நாயின் குணத்துக்கு அடித்தளம் என்று காட்டியது. அதோடு, தாயிடமிருந்து வந்த நோயெதிர்ப்பு மெல்லக் குறையும் நேரமும் இதுவே. தடுப்பூசி போடாத குட்டியைச் சந்தைக் கூண்டில் பத்துக் குட்டிகளோடு அடைத்தால் பார்வோ சுலபமாக ஒட்டிக்கொள்ளும். வாங்கி வந்த நாலாம் நாள் வாந்தி, ரத்தப் பேதி. பெயர் வைத்து முடிப்பதற்குள் குட்டி போய்விடும். விற்றவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

விதி காகிதத்தில் இருக்கிறது. அதை நடத்திக் காட்டுவது வாங்குகிறவர் கையில்தான் அதிகம் இருக்கிறது. பழைய கொடுக்கல் வாங்கலில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். நல்ல ப்ரீடர் உங்களிடம் இருபது கேள்வி கேட்பார்: வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் நாய் தனியாகக் கிடக்குமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? முடியாமல் போனால் திருப்பிக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்பார். எந்தக் கேள்வியும் கேட்காமல் "கலர் என்ன வேணும்?" என்று மட்டும் கேட்பவரிடம் வாங்காதீர்கள். இனம் பற்றி ஆசை எதுவும் இல்லையென்றால் காப்பகத்தில் காத்திருக்கும் நாய்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தெருநாய்க்கு இந்த வெயில் புதிதல்ல.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "அம்மாவைப் பாக்கணும்." வீடியோவில் வேண்டாம், நேரில். அது எந்த இடத்தில் படுத்திருக்கிறது, எழுந்து வருகிறதா, ஆளைக் கண்டால் வால் ஆட்டுகிறதா, ஒடுங்குகிறதா என்று பாருங்கள். "அது ஊர்ல இருக்கு", "இப்ப பாக்க முடியாது", "கடிக்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. குட்டியின் தாய்க்கு ஒரு பெயராவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.