எந்த லென்ஸ் வாங்கலாம் சார்? – கொஞ்சம் பழைய கதை



பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சார், பொண்ணுக்கு ஒரு எஸ்.எல்.ஆர். கேமரா செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேனுங்க. லென்ஸ் தனியா வாங்கோணுமாம். கடைக்காரர் மூணு சொல்றாரு. எதை வாங்கறதுங்க?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இயற்பியல் வாத்தியாரிடம் கேட்ட கேள்வி ஆயிற்றே. அதோடு, எந்த லென்ஸ் என்ற இந்தக் கேள்வி நம் பக்கத்தில் பல பேரைப் பாடாய்ப் படுத்திய கேள்வி. பொறுமை உள்ளவர்கள் கடைசி வரை படியுங்கள். அவசரக்காரர்கள் நடுவில் "அம்மிணிக்குப் பதில்" என்று வரும் இடத்துக்குப் போய்விடலாம்.

லென்ஸ் மாற்ற வழியில்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் நம் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றி வந்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் எடுக்க வேண்டியிருந்தது. தள்ளி நின்றால் முழுசும் அடங்கும், எழுத்து தெரியாது. கிட்டே போனால் எழுத்து தெரியும், ஒரு துண்டுதான் அடங்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்குச் சுருளாக்கினார். இன்றைக்கும் லென்ஸ் வாங்கக் காசில்லை என்றால் இதுதான் வழி. கால் இருக்கிறதே!

இப்போது பத்தாம் வகுப்பை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குவிலென்ஸ், குவியத் தூரம். தூரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பது குவியத் தூரத்தைப் பொறுத்தது. 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. டாப்சிலிப்பில் 30 மீட்டர் தள்ளி 3 மீட்டர் உயர யானை ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் பிலிமில் 5 மி.மீ. உயரம்தான். யானை எலியாகிவிடும். 200 மி.மீ. போட்டால் 20 மி.மீ., படம் நிறைய யானை. சிங்காநல்லூர் குளத்தில் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் சின்ன மீன்கொத்திக்கு 300 மி.மீ. போட்டாலும் 5 மி.மீ.தான் வரும். பறவை எடுக்கிறவர்கள் சொத்தை விற்று லென்ஸ் வாங்குவது ஏன் என்று புரிகிறதா?

நீண்ட லென்ஸ் போட்டால் இன்னொரு சிக்கல். பழைய கேமராக்களில் படம் பிடிக்கும் லென்ஸ் ஒன்று, கண்ணால் பார்க்கும் ஜன்னல் வேறொன்று. லென்ஸை மாற்றினாலும் ஜன்னல் மாறாது. ஏறக்குறைய 135 மி.மீ.க்கு மேல் போனால் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். இதைத் தீர்த்தது உள்ளே சாய்வாக வைத்த ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் அதே ஒளியை மேலே திருப்பிக் காட்டிவிட்டு, பட்டனை அழுத்தும் நொடியில் அது விலகிக்கொள்ளும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936இல் வந்த கினே எக்ஸாக்டா இந்த வகையில் 35 மி.மீ. பிலிமுக்கு நன்றாக விற்பனையான முதல் கேமரா. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், இடது வலது மாறித் தெரியும். 1949இல் அதே டிரெஸ்டனிலிருந்து கான்டாக்ஸ் எஸ் வந்தது. பென்டாப்ரிஸம் என்ற ஐங்கோணப் பட்டகத்தை வைத்துப் படத்தை நேராகக் கண்ணுக்கு நேரே காட்டியது. எந்த லென்ஸை மாட்டினாலும் அது பார்ப்பதையே நாமும் பார்க்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. எஸ்.எல்.ஆர். என்பதன் முழு அர்த்தமும் அவ்வளவுதான்.

அந்த 1936ஆம் ஆண்டிலேயே நம் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் லண்டனில் கேமராவோடு நின்றார். வேறு யார், ஜி.டி. நாயுடுதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே பிலிம் எடுத்தார். மோட்டாரும் சவர பிளேடும் தெரிந்த அளவுக்கு அவருடைய கேமராப் பைத்தியம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் உருவாக்கியவற்றின் பட்டியலில் பிலிம் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றும் உண்டு. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றி, கலங்கல் கிராமத்தில் பிறந்த ஒரு மனிதர் அந்தக் காலத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இதில் தனிப் பெருமை.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு கேமரா என்பது பெரிய பாடு. இறக்குமதிக் கட்டுப்பாடு, லைசென்ஸ், சுங்கவரி. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது கொண்டுவர வேண்டும், இல்லை சென்னை பர்மா பஜாரில் தேட வேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொள்வதுதான் தேர்வு. பிலிம் மட்டும் நமக்குப் பக்கத்திலேயே தயாரானது. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமை மறக்க முடியுமா?

இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் நான் மிகவும் மதிக்கும் மனிதர் வருகிறார். மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும் வரை விடாமல் எழுதியவர். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கியவர் நம் தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன்.

முதுமலை யானைகளைக் கிருஷ்ணன் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு வெள்ளைதான். கலர் வந்த பிறகும் அதைவிட்டு மாறவில்லை. அந்தப் படங்களை எடுத்த கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றோடொன்று சேராத பாகங்களைச் சேர்த்து அவரே கட்டிய பெரிய, கனமான கேமரா. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பேரும் வைத்திருந்தார். நாகரிகமான கேமரா வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். படங்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1968இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் விலங்குகளை ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ.

இதில் நான் பார்ப்பது என்னவென்றால், அவர் முதலில் முடிவு செய்தது யானையை. காட்டில் அது எவ்வளவு தூரத்தில் நிற்கும், மரத்தடியில் வெளிச்சம் எவ்வளவு இருக்கும், அதைக் கலைக்காமல் எவ்வளவு கிட்டே போகலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கருவி அதற்குப் பிறகு வந்தது. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். லென்ஸை வாங்கிவிட்டு, எதை எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் காக்காயைத் தேடுகிறோம்.

எல்லாரும் கிருஷ்ணன் ஆக முடியாது. ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவர்களுக்குக் கைகொடுத்தது எம் 42 என்ற மரை. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைத் தூரம். போல்ட் நட்டு மாதிரி திருகி மாட்டுவது. (பம்பு செட்டு ஊர்க்காரர்களுக்கு மரையைப் பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.) கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ரஷ்யாவின் ஜெனித், ஜப்பானின் பென்டாக்ஸ் என்று மூன்று நாட்டுக் கம்பெனிகளும் இந்த ஒரே மரையில் கேமரா செய்தன. ஜெனித் பாடியில் ஜெர்மன் லென்ஸை மாட்டலாம். ஒருவர் விற்பதை இன்னொருவர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கையில் பணம் குறைவாக இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஜெனித்தோடு வந்த ஹீலியோஸ் 44 என்ற 58 மி.மீ. லென்ஸ், ஜெர்மனியின் பையோட்டாரை வைத்துச் செய்த நகல்தான். ஆனாலும் அருமையான லென்ஸ். இன்றைக்கும் இளவட்டங்கள் தேடி வாங்குகிறார்கள்.

1975இல் பென்டாக்ஸும் திருகு மரையை விட்டுக் கே மவுண்டுக்குப் போனது. நிகான் 1959இல் எஃப் மவுண்டை வைத்தது, எஸ்.எல்.ஆரில் கடைசி வரை மாற்றவில்லை. கேனான் 1987இல் பழைய எஃப்.டி. மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இ.எஃப். என்ற முழு மின்னணு மவுண்டுக்குப் போனது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் கேனான் செய்தது புத்திசாலித்தனம், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் சீட்டுப் பணம் எடுத்து நாலு எஃப்.டி. லென்ஸ் வாங்கி வைத்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். புதுப் பாடியில் ஒன்றுகூட உட்காராது. பாடியைப் பார்த்து வாங்குகிறோம் என்று நினைக்கிறோம்; சம்பந்தம் பண்ணுவது மவுண்டோடு. பெண் எடுத்தால் அந்தக் குடும்பத்தோடுதானே உறவு!

கல்யாண வேலைக்கு வருவோம், நம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குச் சோறு போட்டது அதுதான். அருமைக்காரர் சீர் செய்கிறார், இணைச்சீர் நடக்கிறது, சுற்றிலும் சொந்தம் நெருக்கி நிற்கிறது. போட்டோகிராபருக்குப் பின்னால் நகர இடமில்லை, மிஞ்சினால் 3 மீட்டர். 50 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரத்தில் 2.2 மீட்டர் அகலம்தான் அடங்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் வருவார்கள், பெற்றவர்கள் வெட்டுப்படுவார்கள். 35 மி.மீ.யில் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 28 மி.மீ.யில் கிட்டத்தட்ட 4 மீட்டர் அடங்கும், ஆனால் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா அகலமாகிவிடுவார். ஆல்பம் வந்ததும் அந்தப் பெரியம்மாவின் கோபத்தை யார் தாங்குவது? தாலி கட்டுவதை மறுபடி ஒருமுறை கட்டச் சொல்லவும் முடியாது. லென்ஸ் தப்பாக மாட்டியிருந்தால் பேரும் போச்சு, மீதிப் பணமும் போச்சு. அந்தக் காலத்துக்காரர்கள் பலர் 35ஐ மாட்டிவிட்டுக் கழற்றாமலே இருந்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, அம்மிணிக்குப் பதில். முதலில் அந்தப் பாடி நிகானா கேனானா, எந்த மவுண்ட் என்று பார். நிகானின் சின்ன பாடிகளில் போகஸ் மோட்டார் இருக்காது. மோட்டார் உள்ள லென்ஸாகக் கேட்டு வாங்கு. அடுத்து, சென்சார் சின்னதா என்று பார். சின்னதாக இருந்தால் நிகானில் ஒன்றரை மடங்கு, கேனானில் 1.6 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ் 75 போலவோ 80 போலவோ நடந்துகொள்ளும். முகம் எடுக்க நல்லது, வீட்டுக்குள் எடுக்க நெருக்கடி. கையில் முதலில் ஒரே லென்ஸ் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு. விலை குறைவு, வெளிச்சம் நிறைய விடும், பேரூர்க் கோயில் போல மங்கலான இடம் எதற்குப் போனாலும் அது கை கொடுக்கும் (அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும்). 18–55 ஜூம் ஏற்கெனவே கூட வந்திருந்தால் அதைக் கேவலமாக நினைக்காதே. ஆறு மாதம் அதில் எடுத்துவிட்டு, எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறாய் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் அடுத்து வாங்க வேண்டியதை அதுவே சொல்லிவிடும்.

பறவையும் யானையும்தான் ஆசை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம். 300 மி.மீ. எஃப் 5.6 என்றால் 54 மி.மீ. 300 மி.மீ. எஃப் 2.8 என்றால் 107 மி.மீ., சோத்துத் தட்டில் பாதிக்கு ஒரு கண்ணாடி. நாலு மடங்கு வெளிச்சம். விலை நாலு மடங்கோடு நிற்காது. எடையும் அப்படித்தான். காலையில் ஆறரை மணிக்குக் காட்டுக்குள் அந்த நாலு மடங்கு தேவைப்படும் என்பதும் உண்மை. உன் அப்பா எவ்வளவு தருவார் என்பதை நான் சொல்ல முடியாது.

இன்னொன்று. யார் வீட்டு பீரோவிலாவது தாத்தாவின் பழைய பிராக்டிகா, ஜெனித் லென்ஸ் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து பிலிம் வரைக்கும் எம் 42இல் 45.46 மி.மீ. கேனான் இ.எஃப். பாடியில் 44 மி.மீ. நடுவில் இருக்கும் ஒன்றரை மி.மீ.யில் ஒரு வளையம் வைத்து மாட்டினால் அந்த லென்ஸ் அருமையாக வேலை செய்யும். நிகானில் 46.5 மி.மீ.; அங்கே தூரத்துக்காட்சி போகஸ் ஆகாது. கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தூரம் இன்னும் குறைவு, அதனால் எல்லாப் பழைய லென்ஸும் வளையம் வைத்தால் சேரும்.

வாங்குவதற்கு முன் லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை, ஊட்டி வீடுகளில் இது நிச்சயம் இருக்கும். வைத்திருப்பவர்கள் மரையின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள், எந்த மவுண்ட் என்று பார்த்துச் சொல்கிறேன்.