இரண்டு கம்பிகள் சொல்லும் சூடு



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சார், டர்போ வண்டிக்கு வெளியில் வாங்கிய மேனிபோல்டு மாட்டியிருக்கிறேன். புகையின் சூட்டை அளக்கும் சென்சாரை எந்த இடத்தில் துளை போட்டு வைப்பது?" கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதைச் சொன்னால் இடம் எதுவென்று உங்களுக்கே விளங்கிவிடும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நெருப்பை மனிதன் ஆண்டது மிகப் பழங்காலத்தில். அது எவ்வளவு சூடு என்று எண்ணில் சொல்ல முடிந்ததோ மிக அண்மையில்தான். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதற்கு மேல் சாதாரணத் தெர்மாமீட்டர் உதவாது. கொல்லரும் குயவரும் கண்ணையே நம்பினார்கள். மங்கிய சிவப்பு, செக்கச்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொன்னார்கள்.

1782-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்டத் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் ஒரு வழி கண்டார். சூளைக்குள் சிறு களிமண் துண்டுகளை வைப்பார். அவை எவ்வளவு சுருங்கின என்பதை அளந்து சூட்டைக் கணக்கிடுவார். நல்ல யோசனை. ஆனால் அவர் சொன்ன அளவுகள் உண்மையைவிட மிக அதிகம் என்று பிற்காலத்தில் தெரிந்தது.

அடுத்த படி பெர்லினில் நடந்தது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் காட்டினார். மறு ஆண்டே தாமஸ் ஜோஹான் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகில் இருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பம் நேரடியாகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே சீபெக் நினைத்தார். வளையத்தில் ஓடுவது மின்சாரம் என்று விளக்கி, அதற்கு வெப்ப மின்சாரம் என்று பெயர் கொடுத்தவர் எர்ஸ்டெட். ஆனாலும் இன்றுவரை நாம் அதைச் சீபெக் விளைவு என்றே படிக்கிறோம். கண்டவருக்குப் பெருமை உண்டு, அவர் சொன்ன விளக்கம் மட்டும் நிலைக்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வளையம் சூட்டைச் சொல்லவில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. அதனால்தான் அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் குளிர்ந்த முனையை உருகும் பனிக்கட்டியில் வைத்தார்கள். இன்றைய மீட்டர் தன் பெட்டிக்குள் இருக்கும் சூட்டைத் தானே அளந்து கூட்டிக்கொள்கிறது.

இந்த வித்தையை நம்பகமான கருவியாக்கியவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். மேல்நிலை வகுப்பு வேதியியலில் லீ சாட்லியர் தத்துவம் படித்தீர்களே, அதே பிரெஞ்சுக்காரர். 1880-களின் நடுவில் அவர் ஒரு கம்பியைத் தூய பிளாட்டினத்திலும் மற்றொன்றைப் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த உலோகத்திலும் செய்தார். உலைகளின் சூடு எண்ணாக மாறியது. ஆனால் விலை அதிகம். 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் சிவக்கும் கம்பியும் அந்தக் குடும்பம்தான். அந்த வழியில் வந்ததுதான் இன்று 'கே' வகை எனப்படும் மலிவான தெர்மோகப்பிள். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும். 900 டிகிரியில் மொத்தமே 37 மில்லிவோல்ட்தான்.

இனி டர்போவின் கதை. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்கு, 14,109 அடி உயரத்துக்கு, ஏற்றிச் சென்று சோதித்தார். மெல்லிய காற்றில் எஞ்சின் மூச்சுத் திணறியது. டர்போ சேர்ந்ததும் கடல் மட்டத்தில் தரும் ஆற்றலை அங்கேயும் தந்தது.

அதற்குக் கொடுக்க வேண்டிய விலை வெப்பம். கொதிக்கும் புகைக்குள்ளேயே நின்று சுழல வேண்டிய சக்கரம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் இதழ்களை வார்க்கப் பயன்பட்டது, பல் மருத்துவத்துக்காக உருவான கோபால்ட்-குரோமியக் கலவை. 1962-இல் அமெரிக்காவில் டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில், எஞ்சினுக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். உரிமையாளர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். வண்டி இரண்டே ஆண்டு மாடல்களோடு நின்றது.

தொழிற்சாலையில் செய்த வண்டிக்கு, எவ்வளவு சூடு தாங்கும் என்று யாரோ பல மாதம் சோதித்து வரம்பு வைத்திருக்கிறார்கள். நாம் மேனிபோல்டை மாற்றி, எரிபொருள் அளவையும் மாற்றியவுடன் அந்த வரம்பு நமக்குப் பொருந்தாது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். டர்போ பெட்ரோல் எஞ்சினின் புகையோ முழு வேகத்தில் 900 டிகிரியைத் தொடும். எண்ணெயும் குளிர்நீரும் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. அந்தச் சமநிலை குலைந்தால் சத்தமில்லாமல் உருகும்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். சென்சார், கம்பிகள் சேரும் அந்த முனை இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே சொல்லும். எல்லாக் குழாய்களும் டர்போவுக்கு முன் கூடும் இடத்தில் வைத்தால் நான்கு சிலிண்டர்களின் கலப்பு தெரியும். ஒரு சிலிண்டருக்கு எரிபொருள் குறைந்து அது மட்டும் தவித்தால், அந்தக் கலப்பில் மறைந்துபோகலாம். தனித்தனியே அறிய வேண்டுமானால் ஒவ்வொரு குழாயிலும், தலைப்பகுதியிலிருந்து ஒரே தூரத்தில் வைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் அளவு 100 டிகிரிக்கு மேலும் குறைந்து தெரியலாம், ஏனென்றால் புகை தன் சூட்டில் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. அங்கே வைப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. முன்னால் இருக்கும் முனை ஒடிந்தால் நேராகச் சக்கரத்தில் போய் மோதும்.

மேனிபோல்டைக் கழற்றி வைத்துத்தான் துளை போட வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறு இரும்புப் பிசிறு போதும், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தைக் கெடுக்க. முனை குழாயின் சுவரைத் தொடாமல் புகையின் நடுவே நிற்க வேண்டும். கம்பி நீளம் போதவில்லை என்றால் சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போடாதீர்கள், அதே வகைக் கம்பிதான் வேண்டும். ஏன் என்று சீபெக்கின் வளையத்தை நினைத்தால் தெரியும். அமெரிக்க நிற முறையில் தெர்மோகப்பிளின் சிவப்புக் கம்பி எதிர்முனை. பழக்கத்தில் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி முன்கூட்டியே விழுந்தால் புகையின் சூடு குறைந்து காட்டும். அதே நேரத்தில் சிலிண்டருக்குள் ஆபத்து கூடியிருக்கும். ஆகவே முள் கீழே இருக்கிறது என்பதற்காக எஞ்சின் நலம் என்று எண்ண வேண்டாம். எரிபொருள் கலவையையும் தட்டும் சத்தத்தையும் சேர்த்தே பாருங்கள்.

உங்களில் உலை, கொதிகலன், கப்பல் எஞ்சின் என்று வெப்பத்தோடு வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் தெர்மோகப்பிளை எங்கே, ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்