குண்டூசிப் பட்டறைச் சிறுவரும் யோசேப்பின் சகோதரரும்

ஓய்வுநாட் பாடசாலை என்ற வழக்கத்தைப் பரப்பியவர் யாரோ ஒரு பாதிரியார் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் எமது தொழிலைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் தந்தையார் நடத்திய ‘குளொஸ்ரர் ஜேர்னல்’ பத்திரிகையை 1757 இல் பொறுப்பேற்ற றொபேட் றெயிக்ஸ் தான் அவர். அந்நகரின் குண்டூசிப் பட்டறைகளில் வாரத்தில் ஆறு நாளும் உழைத்த சிறுவர்கள் ஞாயிறன்று தெருவில் அடிபிடிப்பட்டுத் திரிந்தனர். சிறைக்கைதிகளின் நிலை குறித்து எழுதிவந்த றெயிக்ஸுக்கு, அவர்களிற் பலர் எங்கே போய்ச் சேர்வர் என்பது தெரிந்திருந்தது. 1780 இல் தோமஸ் ஸ்ரொக் என்ற குருவானவருடன் சேர்ந்து, பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர்களுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். பாடநூல் பைபிள். 1783 நவம்பரில் தமது பத்திரிகையில் அவர் வெளியிட்ட செய்தியே அம்முயற்சியை ஊர் கடந்து பரப்பியது. (தமது பள்ளியைப் பற்றித் தாமே செய்தி எழுதினார். இன்றைய ஆசிரியபீடங்கள் இதற்கு இடங்கொடுக்குமோ என்னவோ!)

1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிகள் எழுந்தன. அங்கு பைபிள் கதைகளைக் கேட்ட சைவப் பிள்ளைகளுக்குப் பொறுமை புதிய பொருளன்று. பொறையுடைமைக்குக் குறளில் ஓர் அதிகாரமே உண்டு. கோயில்களிற் புராணபடனமும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் பாரதத்திற் பங்காளிகளின் காணி வழக்கு குருக்ஷேத்திரத்திலே முடிகிறது. யோசேப்பின் கதையிலோ அண்ணன்மாரும் தம்பியும் மீண்டும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுகநாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பின்னர் பாலபாடங்களையும் எழுதினார். சிறுவர் மனத்தைப் பிடிக்கும் வழியை எதிர்முகாமிலிருந்தே அவர் நன்கு கண்டிருந்தார் என்பது என் கணிப்பு.

யோசேப்பின் கதையை நாம் பிள்ளைகளுக்கு மிகவும் சுருக்கிவிடுகிறோம். பதினேழு வயதில் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான், எகிப்தில் அதிபதியானான், அண்ணன்மாரை மன்னித்தான் என்று மூன்று வரியில் முடித்துவிடுவோம். ஆதியாகமம் அவ்வளவு அவசரப்படவில்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க வந்தவர்களை யோசேப்பு அறிந்தும் அறியாதவன்போற் கடுமையாகப் பேசுகிறான். ஒருவனைச் சிறையில் வைக்கிறான். இளையவன் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைக்கிறான். தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி யூதா கேட்ட பின்னரே வாய்விட்டு அழுது தன்னை வெளிப்படுத்துகிறான். அவனை விற்கலாம் என்று முன்பு சொன்னவனும் அதே யூதாதான்.

அதன்பின்னும் கதை முடியவில்லை. யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து மடிகிறார். தகப்பன் போய்விட்டார், இனிப் பழிவாங்குவான் என்று அண்ணன்மார் அஞ்சி ஆளனுப்புகின்றனர். யோசேப்பு மறுபடியும் அழுகிறான். மன்னிக்கப்பட்டவர்கள் அதனைப் பதினேழு ஆண்டுகளாக நம்பவில்லை! இப்பகுதியை எந்த ஓய்வுநாட் பாடசாலையிலும் நான் கேட்டதில்லை.

கெட்ட குமாரன் உவமையையும் இளையவன் வீடு திரும்பியதோடு நிறுத்திவிடுவதே வழக்கம். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் விருந்து நடக்கும்போது மூத்தவன் கோபத்துடன் வெளியே நிற்கிறான். தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று எங்கள் ரீச்சரிடம் கேட்டேன். வேதத்தில் அது இல்லை, ராசா, என்றார்.

நான் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வளவுக்கும் பெரியப்பா வளவுக்கும் இடையே கிடுகு வேலி. நாங்கள் போய்வந்த பொட்டு, எல்லைக்கல் தகராறில் முள்வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஐயாவும் பெரியப்பாவும் பேசுவதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிக்கு முன் அந்த நெரிசலில் பெரியப்பா எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். அம்மாவின் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தமது சைக்கிள் கரியரில் வைத்தார். ஐயா மறுபக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். சாவகச்சேரி வரை இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.