டாங்கிகளை எதிர்த்த விமான எதிர்ப்புப் பீரங்கி

ஆகாயவிமானங்களை வீழ்த்துவதற்கென்று அமைந்த பீரங்கியைத் தரையில் வரும் டாங்கிகள்மீது திருப்பும் வழக்கம் இரண்டாம் உலக யுத்தத்தில் பல சேனைகளிலும் காணப்பட்டதெனினும், அதனை ஒரு போர்முறையாகவே வளர்த்தவர்கள் ஜெர்மானியர். அவர்களுடைய ஆயுதம் 88 மில்லிமீட்டர் பீரங்கி. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்திலேயே அது தரை இலக்குகளை நோக்கிப் பிரயோகிக்கப்பட்டது.

மிக உயரத்தில் விரையும் விமானத்தை எட்டவேண்டிய குண்டுக்கு வேகம் இன்றியமையாதது. வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் அக்குண்டு, தரைக்கு நேராகச் செலுத்தப்படும்போது அதிகம் வளையாமல் சென்று கனத்த கவசத்தைத் துளைப்பதோடு, தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் சிறு பிழைகளையும் பொருட்படுத்தாது. 1940 மே 21 அன்று பிரான்ஸிலுள்ள அர்ராஸ் அருகே, 78 மில்லிமீட்டர் வரை கவசம் பூண்ட பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள்மேல் ஜெர்மன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளின் 37 மில்லிமீட்டர் குண்டுகள் பயனின்றித் தெறித்து விழுந்தபோது, ஜெர்மன் தளபதி ரோம்மெல் இந்த 88 மில்லிமீட்டர் பீரங்கிகளையும் களப்பீரங்கிகளையும் கொண்டே அத்தாக்குதலைத் தடுத்து நிறுத்தினார்.

எனினும், பின்னர் போர் நடந்த வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இப்பீரங்கி எளிதில் மறைக்கத்தக்க ஆயுதமன்று. உயர்ந்து நிற்கும் அதன் உருவம் வெகுதூரத்திலேயே தெரியுமாதலால், குழி தோண்டி அதனை மண்மட்டத்துக்குத் தாழ்த்திவைத்து, பின்வாங்குவதுபோல் நடிக்கும் ஜெர்மன் டாங்கிகளைத் துரத்திவருவோரை அதன் எதிரில் கொண்டுவந்து சேர்க்கும் உபாயம் பிறந்தது. 1941 ஜூனில் எகிப்திய எல்லையிலுள்ள ஹல்பாயா கணவாயில், இவ்வாறு புதைந்திருந்த பீரங்கிகள் மட்டில்டாக்களை நாசமாக்கின. அந்த டாங்கிகளின் சிறு பீரங்கிகளுக்கு வெடிகுண்டு வழங்கப்படவில்லை. கவசம் துளைக்கும் திண்ணிய குண்டு மட்டுமே இருந்தமையால் தொலைவில் நின்று பீரங்கி வீரரைத் தாக்க இயலாமல், அவை வெட்டவெளியில் நெருங்கிச் செல்ல நேர்ந்தது. இப்பீரங்கியின் கீர்த்தியை விவரிப்போர் மட்டில்டாக்களின் இக்குறையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வெற்றியில் அக்குறைக்கும் சமபங்கு உண்டு.

பிரிட்டிஷாரிடமும் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி இருந்தது. வலிமையில் அது சற்றும் குறைந்ததன்று. கனம் கூடுதல் என்பது மெய்யே. ஆயினும் அது துறைமுகங்களையும் தளங்களையும் காத்துநிற்பதற்கே உரியதென்ற எண்ணமே அதனை டாங்கிகள்மீது திருப்புவதற்குப் பெருந்தடையாயிற்று என்று கருதவேண்டும். ஜெர்மனியிலும் 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் பெரும்பாலும் விமானப்படைக்கு உரியவையே. ஆனால் அவை டாங்கிப் படைகளுடன் இணைந்து முன்னணிக்குச் சென்றன.

1942 மே மாதம் லிபியாவில் நடந்த கஸாலாப் போரில் வெடிகுண்டு எறியவல்ல 75 மில்லிமீட்டர் பீரங்கி தாங்கிய கிராண்ட் டாங்கிகள் வந்தபின், பீரங்கி வீரரைத் தொலைவிலிருந்தே தாக்குவது பிரிட்டிஷாருக்குச் சாத்தியமாயிற்று. ஜெர்மானியரோ அதே 88 மில்லிமீட்டர் விட்டத்தில், டாங்கிகளை எதிர்ப்பதற்கென்றே தாழ்ந்த பீடத்தில் அமைந்த தனிப் பீரங்கி ஒன்றைப் பின்னர் நிர்மாணித்தனர்.