ஓடாத அசல், ஓடும் நகல்: ஆவடி வட்டாரத்து விளையாட்டு டிஸ்க்குகள் இரண்டை முன்வைத்து

திருட்டு நகல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மானுடவியலாளர் பிரையன் லார்க்கினைத் தொடாமல் நகர்வது அரிது. நைஜீரியாவின் கானோ நகரத்து வீடியோ வணிகத்தை வைத்து அவர் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். 2008இல் அது நூலாக விரிந்தது. நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் மங்கும், ஒலி பிசிறும். அந்த மங்கலும் பிசிறும் வெறும் குறைபாடல்ல, வசதி குறைந்த நகரங்களுக்கு உலக சினிமா வந்து சேர்ந்த வடிவமே அதுதான் என்பது அவர் வாசிப்பு. நகலின் அடையாளம் அதன் பழுது. சென்னை பர்மா பஜாரில் விசிடி வாங்கியவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். தியேட்டரில் எழுந்து போனவரின் தலையும் சேர்ந்துதானே அதில் ஓடும்.

லார்க்கினின் சூத்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவருகிறவர்கள் சினிமா, பாட்டு, கணினி விளையாட்டு மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். விளையாட்டு டிஸ்க்கில் அந்தச் சூத்திரம் தலைகீழாகிறது என்பதே என் வாதம். இங்கே பழுது அசலின் அடையாளம். சுத்தமாக இருப்பது நகல்.

‘லார்க்கின் பேசுவது கேசட் காலத்தை, டிஜிட்டல் நகல் தேயாது’ என்று சொல்லி இதை எளிதாக முடித்துவிட முடியாது. விசிடியும் டிஜிட்டல்தான், அதிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. 1998 வாக்கில் வந்த சேஃப்டிஸ்க் என்னும் பூட்டின் முதல் வடிவத்தில், அச்சிடும்போதே டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்களை வேண்டுமென்றே வைத்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது அந்தப் பழுது இருக்கிறதா என்று நிரல் தேடும். வீட்டு ரைட்டரில் எழுதிய நகலில் அந்தப் பழுது வராது. ஆகவே ஆட்டம் திறக்காது. லார்க்கின் கானோவில் கேட்ட இரைச்சலை இங்கே தயாரிப்பாளரே முத்திரையாகப் பதித்துவிட்டார்.

இனி என் சான்றுகள். ஆவடியில், டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பை அடுத்த ஒரு வீட்டு அலமாரியில் ஒரே ஆட்டத்தின் இரண்டு பிரதிகளைப் பார்த்தேன்: ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’, 2005. ஒன்று கடையில் வாங்கிய அசல். மற்றது வெற்று டிவிடியில் எழுதியது. அசலின் இயக்கக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், ‘பி-ஓ-ஜி’ எழுத்துகளில் தொடங்கிக் குறிகளும் எண்களுமாய் நீளும் ஒரு வரி தென்படும். சேஃப்டிஸ்க் உறை போர்த்திய கோப்புகளில் வழக்கமாகக் காணும் வரி இது. இதையடுத்து உறையின் பதிப்பெண் வரும். நான் கல்வெட்டுபோல எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆட்டக்காரர் எவர் கண்ணிலும் படாத வரி இது. டிஸ்க் எந்தக் காலத்துப் பூட்டைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

இரண்டாம் டிஸ்க்கின் மேல் மார்க்கரில், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு கட்டளை: இன்ஸ்டால் செய்தபின் ‘கிராக்’ ஃபோல்டரில் உள்ளதை எடுத்து அசல் கோப்பின்மேல் போடு. வெற்று டிஸ்க்கின் ஊடகக் குறி மோசர் பேர் நிறுவனத்தைக் காட்டுகிறது. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவானது. ஆக, ஆட்டம் வெளியான 2005 நவம்பர் மேல் எல்லை, 2018 தோராயமான கீழ் எல்லை. பதின்மூன்று ஆண்டு அகலமுள்ள இடைவெளியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கோப்புகளின் தேதியும் கை கொடுக்கவில்லை. எழுதிய கணினியின் கடிகாரத்தை அது நம்பியிருக்கிறது. சிமாஸ் பேட்டரி தீர்ந்த அசெம்பிள் சிஸ்டம்களில் அந்தக் கடிகாரம் எந்த ஆண்டையும் சொல்லும். கையெழுத்தின் தொனியையும், டிவிடி ரைட்டர் அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகளுக்குப் பரவிய வேகத்தையும் வைத்து 2010க்கு முன் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

தேதியைவிட முக்கியம் அந்தக் கட்டளை. சென்னையின் கணினிக் கடைவீதியான ரிச்சி தெருவிலிருந்து மின்சார ரயிலில் ஆவடிவரை வந்து சேர்ந்தது டிஸ்க் மட்டுமல்ல, பூட்டைக் கழற்றும் செய்முறையும்கூட. அதைப் படிக்கத் தெரியாதவருக்கு டிஸ்க்கால் பயனில்லை.

2015 இரண்டு டிஸ்க்குகளின் விதியையும் பிரித்தது. சேஃப்டிஸ்க், விண்டோஸின் உள்ளே ‘செக்டிரைவ்’ என்னும் டிரைவர் கோப்பை நம்பி இயங்கியது. அதில் ஓட்டை இருப்பது 2007இலேயே வெளிப்பட்டது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் அந்தப் பூட்டுக்கு ஆதரவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த எம்எஸ்15-097 என்னும் பாதுகாப்புத் திருத்தம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை இயல்பாகவே நிறுத்தி வைத்தது. டிரைவ் இல்லாத இன்றைய லேப்டாப்பில் யூஎஸ்பி டிவிடி டிரைவை இணைத்து, டிஸ்க்கை அப்படியே ஒற்றைப் படிமமாக, அதாவது ஐஎஸ்ஓ கோப்பாக்கி, விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் வசதியால் அதைத் திறந்து இன்ஸ்டால் செய்யலாம். பலருக்கு அதுவரை எல்லாம் சரியாகவே போகும். ஆட்டத்தைத் தொடங்கும் கணத்தில்தான் அசல் நின்றுவிடுகிறது. மார்க்கரில் எழுதிய டிஸ்க் ஓடுகிறது.

அந்த ‘கிராக்’ ஃபோல்டரில் இருந்த இயக்கக் கோப்பின் அளவு 60,29,312 பைட். இந்த எண் பலருக்குப் பரிச்சயம். பழைய ஆட்டத்தை அகலத்திரைக்கும் புதிய கணினிக்கும் பொருத்த ஆர்வலர்கள் எழுதிய ‘எக்ஸ்ட்ரா ஆப்ஷன்ஸ்’ போன்ற துணை நிரல்கள், 1.3 பதிப்பின் இதே அளவுள்ள கோப்பைத்தான் கேட்கின்றன. வேறொன்றைக் கொடுத்தால் ஏற்பதில்லை. உறை கழன்ற பிரதியே மூலபாடமாகிவிட்டது. சுவடி படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை: நம் கையில் இருக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் படிகளின் படிகள்தான், முதல் ஏடு மிஞ்சியது அரிது.

என் வாதத்தின் மெலிந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சேஃப்டிஸ்க்கின் இரண்டாம் வடிவம் முதல் ‘வலுக்குறைந்த செக்டர்’ என்னும் உத்தி சேர்ந்தது: அசலில் அவை ஒழுங்காகப் படிக்கும், பல ரைட்டர்கள் எழுதும்போதுதான் பிசகும். அந்த அளவுக்கு லார்க்கின் சரி, பழுது மறுபடி நகலின் பக்கம் போகிறது. ஆனாலும் அந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியும் மங்கலாக நிற்பதில்லை. ஆட்டம் ஒன்று ஓடும் அல்லது ஓடாது. மங்கலான ஓட்டம் என்று ஒன்று கிடையாது. கானோ பார்வையாளர் பழகிக்கொண்ட அந்த அழகியலுக்கு இங்கே இடமில்லை.

சட்டமும் சினிமாவையே பார்த்துக்கொண்டிருந்தது. 2004இல் தமிழ்நாடு குண்டர் சட்டத்தில் சேர்ந்த ‘வீடியோ பைரட்’ பிரிவு திரைப்படத்தையும் அதன் ஒலித்தடத்தையும்தான் சொல்கிறது. விளையாட்டு நிரல் அதில் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி நிரலை வைத்திருப்பவர் காப்புக்காக நகலெடுக்க இடம் தருகிறது. 2012இல் வந்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால், ஆவடி வீட்டுக்காரர் தன் அசல் டிஸ்க்கை ஐஎஸ்ஓ ஆக்கினால் அதில் பிழை காண்பது கடினம். அதை ஓட வைக்க இரண்டாம் டிஸ்க்கின் ‘கிராக்’ ஃபோல்டரைத் திறந்தால் அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.