ஆட்ட நடத்துநரின் குரல்

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, அம்மாந்தரின் சொல்லையும் செயலையும் தாமே தெரிவு செய்யும் ஆட்டமாகும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் அமெரிக்காவில் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு அடித்தளமிட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்தோருள் ஒருவர் ஆட்ட நடத்துநராக, அதாவது கதையை நகர்த்தி, எதிர்ப்படும் மாந்தர் அனைவருக்கும் குரல் கொடுப்பவராக இருந்தமையால், யார் எதை வினவினாலும் அங்கே விடை கிடைத்தது. இவ்வாட்டம் கணினிக்குச் சென்றபோது பகடைக் கணக்கும் போரும் எளிதாக இடம்பெயர்ந்தன. நடத்துநரின் குரல் மட்டும் மேசையிலேயே தங்கிவிட்டது. உரையாடலின் பிற்கால வரலாறு, பெரும்பாலும் அக்குரலை மீட்க நடந்த முயற்சிகளின் வரலாறே.

ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா 4’ (1985) ஆட்டத்தில், பெயர், தொழில் போன்ற சொற்களைத் தட்டச்சு செய்தால் ஊர்மக்கள் மறுமொழி கூறினர். ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கொண்டு மற்றொருவரை வினவி மறைபொருளை அறிய வேண்டியிருந்தமையால், கேட்கும் பொறுமையே அங்கு முதன்மைத் திறனாயிற்று. 1999இல் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இதனினும் நெடுந்தொலைவு சென்றது. நினைவிழந்த, சாவற்ற நாயகன் ஒருவன் தான் யாரென்று தேடும் அக்கதையில், அறிவு, மதிநுட்பம் ஆகிய பண்புகளின் மதிப்பெண் உயர உயரப் புதிய பேச்சு வழிகள் திறந்தன. இறுதி மோதலைக்கூட வாளின்றிச் சொல்லாலேயே வெல்ல முடிந்தது. எழுத்தாற்றலை விளையாட்டின் உயிராக்கிய ஆட்டங்களுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

மலேசியாவில், ஜொகூர் பாருவின் கிழக்கே, தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரை நோக்கியிருக்கும் பெர்மாஸ் ஜெயா போன்ற குடியிருப்புகளின் இளைஞர்களுக்கு, இம்மரபின் இணையவழிக் கிளையொன்று அண்டை நாட்டிலிருந்தே எட்டியது. கொரியாவின் ‘மேப்பிள்ஸ்டோரி’ ஆட்டத்தை ஏசியாசாஃப்ட் நிறுவனம் 2005இல் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியது. பணிகளை ஒப்படைக்கும் மாந்தரின் எழுதிவைத்த உரையைக் காட்டிலும், ஆட்டக்காரர்கள் திரையில் தமக்குள் தட்டச்சிட்டுப் பேசிய பேச்சே இத்தகைய ஆட்டங்களுக்கு உயிரூட்டியது எனலாம். இழந்த குரலை அவர்கள் தாமே ஈடு செய்துகொண்டனர்.

ஆயினும் அவ்வாட்டங்களின் கதைமாந்தர் தமிழ் வீட்டிலிருந்து வந்தவர் அல்லர். அக்குறையை உணர்த்தும் வகையில் 2023இல் வந்தது, டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’. கண்டிப்பான பொருளில் பாத்திரமேற்பு ஆட்டம் அன்று; சமையலையும் உரையாடலையும் கொண்டு, 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரின் வாழ்வைச் சொல்வது. அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை 2024இல் பெற்ற இவ்வாட்டத்தில், வளர்ந்த மகன் கவின் தாயின் சமையற்குறிப்பேட்டைத் திறக்கும்போது, அதிலுள்ள தமிழ் அவனுக்கு முழுதாய்ப் புரிவதில்லை. ஆடுபவரும் அந்த அரைகுறைப் புரிதலோடுதான் சமைத்தாக வேண்டும். தாய்மொழியைப் பாதியே அறிந்தவரின் தயக்கம், பிற ஆட்டங்களில் பகைவனுக்கு உரிய இடத்தை இங்கே பெற்றுவிடுகிறது.