நாலூரானும் சவுலும்

கொடுமை செய்தவனுக்காகக் கொடுமைப்பட்டவரே இறைவனிடம் மன்றாடிய கதைகள் இரண்டு. ஒன்று காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானுடையது. மற்றொன்று, கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானுடையது.

வைணவ குருபரம்பரை சொல்வது இது: சோழ அரசன் வைணவ ஆசாரியர் இராமானுசரை அழைத்தபோது, அவருக்குப் பதிலாக அவருடைய காவியை உடுத்திக்கொண்டு சபைக்குப் போனவர் அவருடைய சீடரான ஆழ்வான். சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எழுதிக்கொடுக்க மறுத்ததால் கண்களை இழந்தார். அரசனைத் தூண்டிவிட்ட நாலூரான், ஆழ்வானுக்கே சீடன். பின்னாளில், காஞ்சி வரதரிடம் கண்களை வேண்டிக்கொள்ளும்படி இராமானுசர் பணிக்க, ஆழ்வான் பாடியதே வரதராஜ ஸ்தவம். பெருமாள் இரங்கி வரம் தர முன்வந்ததும் அவர் கேட்டது கண்ணை அல்ல. தமக்குக் கிடைக்கும் வீடுபேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்பதையே.

ஸ்தேவானின் முடிவை அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரம் சொல்கிறது. கல்லெறிய வந்தவர்கள் மேலாடைகளைக் கழற்றி, சவுல் என்னும் வாலிபனின் காலடியில் வைக்கிறார்கள். ஸ்தேவான் முழங்காலிட்டு, இந்தப் பாவம் அவர்கள்மேல் சுமத்தப்படக்கூடாது என்று வேண்டியபடியே உயிர்விடுகிறார்.

இருவரும் குற்றத்தைக் குறைத்துப் பேசவில்லை. வேறுபாடு வேண்டுதலின் நேரத்தில் தொடங்குகிறது. ஸ்தேவானுக்குக் கிடைத்தது சாவுக்கு முந்திய நொடி. ஆழ்வானோ இருட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தபின், ஆற அமர யோசித்துக் கேட்டவர்.

பலனிலும் வேறுபாடு உண்டு. சவுலுக்குக் கிடைத்த இரக்கம் அவனைச் சும்மா விடவில்லை. தமஸ்கு வழியில் கீழே விழுந்து, மூன்று நாள் பார்வையிழந்து, பவுலாக எழுந்தான். பாவிகளில் பிரதான பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டான். ஸ்தேவான் ஜெபித்திராவிட்டால் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் என்றார் திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகஸ்தீன். நாலூரான் மனம் திரும்பியதாகக் கதை எதுவும் சொல்வதில்லை. ஆசாரியனோடு அவனுக்கிருந்த உறவு ஒன்றே போதுமானதாயிற்று. கிறிஸ்தவ மரபில் இரக்கம் பாவியை மாற்றியே வீடு சேர்க்கிறது. ஆழ்வான் கதையில் அந்த நிபந்தனையும் இல்லை.

என் கணிப்பில் ஆழ்வானின் வேண்டுதலே கடினமானது. தண்டிக்காதே என்று கேட்பது ஒன்று. எனக்குச் சமமாக அவனையும் வை என்று கேட்பது வேறு. பகைவனை மன்னித்துவிட்டதாகச் சொல்லும் நாம், அவனோடு ஒரே பந்தியில் உட்காரத் தயாரா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.